செஞ்சிக் குதிரையின் தாய் யார்?

செஞ்சி என்றதும் கோட்டைக்கு முன்பே தேசிங்கு ராஜா நினைவுக்கு வருவார். தேசிங்கு வந்தால் கூடவே அவர் குதிரையும் வந்துவிடும். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து, 1714 அக்டோபர் 3ஆம் தேதி, கடலி கிராமத்தை ஒட்டிய தேவனூர் வெளியில் அவர் மாண்டபோது வயது 22. முந்நூறு ஆண்டுகள் கடந்தும் தென்னாற்காட்டு ஊர்களில் அவர் பெயரோடு பாராசாரி என்ற குதிரையின் பெயரும், அவருடைய முஸ்லிம் தோழன் ஏறிய நீலவேணியின் பெயரும் வழங்குகின்றன. அதே 1714இல், அல்லது அதற்கு அடுத்த ஆண்டில், இங்கிலாந்தின் டான்காஸ்டர் பக்கம் லெனர்ட் சில்டர்ஸ் என்பவரின் பண்ணையில் ஒரு குதிரைக் குட்டி பிறந்தது. பின்னாளில் ஃபிளையிங் சில்டர்ஸ் என்று பெயர் பெற்று, யாரிடமும் தோற்காமல் ஓடி முடித்த குதிரை அது. அதன் தகப்பன், சிரியாவின் அலெப்போவில் வாங்கப்பட்டு 1704இல் யார்க்‌ஷயர் வந்து சேர்ந்த டார்லி அரேபியன். தாய் பெட்டி லீட்ஸ். அந்தத் தாயின் தாய், பாட்டி எல்லாம் ஏட்டில் இருக்கிறார்கள். செஞ்சிக் குதிரைக்கோ வீரம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சமாதி என்று ஊரார் காட்டும் இடமும் இருக்கிறது. தாய் மட்டும் இல்லை. பந்தயக் குதிரைகளின் வரலாற்றையும் தமிழகக் குதிரைகளின் வரலாற்றையும் அருகருகே வைத்தால் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற வேறுபாடுகள் அனைத்தும் கிளைத்தன என்று தெரிகிறது. உலகம் கொண்டாடும் பெட்டைக் குதிரைகள் அங்கே தோன்றியதற்கும் இங்கே தோன்றாமல் போனதற்கும் காரணம் அரேபிய இரத்தமோ பணமோ அல்ல, தாய்க் குதிரையை வைத்துக்கொண்டு அதன் பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுதிவைத்த வழக்கம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் செஞ்சிக் குதிரையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடலாம். தேசிங்கின் குடும்பம் புந்தேலா ராஜபுத்திரக் குடும்பம். 1690 முதல் எட்டு ஆண்டுகள் நடந்த முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயப் படை மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தது. அதன்பின் கோட்டைப் பொறுப்பு தேசிங்கின் தந்தை சுவரூப் சிங்கிடம் வந்தது. அவர் 1714இல் இறந்ததும் நவாப் நிலுவைப் பணம் கேட்க, மகன் மறுக்க, சண்டை மூண்டது. கதைப்பாடல் இந்தச் சிறிய வரலாற்றை எடுத்துக்கொண்டு குதிரையை நடுவில் நிறுத்துகிறது. டில்லி பாதுஷாவின் லாயத்தில் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று நிற்கிறது. அதை அடக்க முடியாத தந்தை சிறையில் கிடக்கிறார். பாலகன் தேசிங்கு வந்து ஏறி அடக்கி, குதிரையையும் பெண்ணையும் பரிசாகப் பெறுகிறான். போர்க்களத்தில் குதிரையின் கால்கள் வெட்டுப்பட்டு விழ, தேசிங்கு தரையில் நின்று போரிட்டு மடிகிறார். பாடலில் எது நடந்தது, எது கற்பனை என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரையின் வாழ்க்கை அது டில்லி லாயத்தில் அடங்கிய நாளில் தொடங்கி, கடலியில் விழுந்த நாளில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் எதுவுமில்லை. தேவலோகத்துக் குதிரை என்று பாடல் சொல்லிவிட்டால் ஈன்ற தாயைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

தாயை விட்டுவிட்டவர்கள் பாட்டுக்காரர்கள் மட்டுமல்ல. அரசாங்கக் கணக்கும் அப்படித்தான் இருந்தது. முகலாயப் படையில் மன்சப்தார் எனப்பட்ட பதவியாளர் ஒவ்வொருவரும் இத்தனை குதிரை வைத்திருக்க வேண்டும் என்று விதி. ஒரே குதிரையை இரண்டு முறை காட்டி ஏமாற்றாமல் இருக்க அதன் உடலில் சூடு போட்டுக் குறியிட்டார்கள். நிறம், அடையாளம், இனம் ஆகியவற்றை ஏட்டில் எழுதினார்கள். அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அயினி அக்பரி குதிரைகளை அரபி, ஈரானி, முஜன்னஸ், துருக்கி, யாபு, தாஜி, ஜங்லா என ஏழு தரமாகப் பிரிக்கிறது. சம்பளம் தரத்துக்கேற்பக் கணக்கிடப்பட்டது. மிக நுணுக்கமான, வேலைக்கு உதவிய கணக்கு அது. ஆனால் அது ஒரு சொத்துப் பட்டியல். கண்ணெதிரே நிற்கும் குதிரை அரசனுக்கு எவ்வளவு பெறும் என்பதே அதன் கேள்வி. தமிழ்நாட்டில் வழங்கிய அசுவ சாஸ்திர மரபும் இதே திசையில்தான் பார்த்தது. பிறந்த நாடு என்ன, நிறம் என்ன, சுழி எங்கே விழுந்திருக்கிறது, நடை எப்படி, குரல் எப்படி என்று உடம்பைப் படிக்கும் கலை அதில் ஆழமாக இருந்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று பெண்ணெடுக்கும்போதும் மாடு பிடிக்கும்போதும் சொல்கிற ஊர், குதிரை வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். குதிரை கப்பலில் வந்தது, தாய் கடலுக்கு அப்பால் இருந்தது.

கப்பலில் வந்த கதை மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே புரவிகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார் என்பதும், நரி பரியானதும் தமிழர் அனைவருக்கும் தெரிந்த கதை. பக்திக் கதைக்கு அடியில் ஓர் அப்பட்டமான பொருளாதாரச் செய்தி கிடக்கிறது. அரசின் கருவூலத்தைக் காலி செய்யக்கூடிய பெரிய செலவு குதிரைதான் என்பது கேட்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கும் சுற்றுப்புறங்களுக்கும் ஏற்றுமதியானதாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் குறிக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், போக்கு மிகையல்ல. அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துவிடுகின்றன, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே தடுக்கிறார்கள், விற்பனை குறையக் கூடாதென்பதே காரணம் என்று எழுதுகிறார். விஜயநகரத்தில் இந்த நிலை இன்னும் முற்றியது. சாளுவ நரசிம்மர் காலத்தைப் பற்றிப் போர்த்துகீசியர் நூனிஸ் எழுதுவதில் ஒரு விவரம் நெஞ்சை விட்டு அகலாதது. கடலில் இறந்துபோன குதிரையின் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிரோடு வந்த குதிரைக்கான அதே விலையை அரசர் கொடுத்தாராம். வணிகருக்கு நட்டமில்லை, அரசருக்கு வரத்து நிற்காது. செஞ்சி நாயக்கர்கள் விஜயநகரத்தின் கீழ் வளர்ந்தவர்கள். அவர்களுடைய குதிரைப் படை எந்த ஏற்பாட்டில் நின்றிருக்கும் என்று யோசிக்க இதற்கு மேல் சான்று தேவையில்லை. கல்யாண மகாலைச் சூழ்ந்து, ஒரே அளவில், வளைவு வளைவாக வரிசையாய் நிற்கும் அறைகளைச் செஞ்சிக் கோட்டையில் குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். கட்டிவைத்து, தீனி போட்டு, போருக்கு அனுப்ப வசதியான வரிசை அது. குட்டி போட்டு வளர்க்க வெளியும் மேய்ச்சலும் வேண்டும், மூன்று நான்கு ஆண்டு பொறுமையும் வேண்டும்.

குதிரையை விற்ற அரேபியருக்குத் தாயின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. பெதூயின் மக்களிடையே குதிரையின் குலம் தாய்வழியாக எண்ணப்பட்டது. குஹைலான், சக்லாவி என்று அவர்கள் பெயர் சொல்லும் கிளைகள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. திடீர்த் தாக்குதலுக்குப் போகும்போது கனைத்துக் காட்டிக்கொடுக்காது என்பதால் பெட்டைக் குதிரையில் ஏறிப் போவதையே விரும்பினார்கள். ஆண் குதிரையை விற்பார்கள், நல்ல பெட்டையை உயிர் போனாலும் கொடுக்க மனம் வராது. ஆகவே தமிழகக் கரையில் இறங்கியது அந்த அறிவின் பாதி மட்டுமே. குதிரை வந்தது, குதிரையை உண்டாக்கும் முறை வரவில்லை.

இங்கிலாந்துக்குப் போனதும் அதே பாதிதான். அரேபியாவின் தலைசிறந்த பெட்டைகள் அங்கும் போகவில்லை. போனவை பெரும்பாலும் ஆண்கள். வேறுபாடு அதன்பிறகு நடந்ததில் இருக்கிறது. வந்த ஆண்களை உள்ளூரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெட்டைகளோடு சேர்த்தார்கள், பிறந்தவற்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள், ஓடியவற்றின் தாயை நினைவில் வைத்தார்கள். 1711இல் ஆன் ராணி அஸ்காட்டில் பந்தயத்தைத் தொடங்கியபோது இந்த வழக்கம் வேரூன்றி இருந்தது. 1791இல் ஜேம்ஸ் வெதர்பி முன்னோட்டமாக வெளியிட்டு 1793இல் முதல் தொகுதியாக வந்த ஜெனரல் ஸ்டட் புக் இந்த நினைவை அச்சாக்கியது. அதன் பக்க அமைப்பே நம் வாதத்துக்குப் பெரிய சாட்சி. தலைப்பில் பெட்டைக் குதிரையின் பெயர், அடியில் அவள் யாருக்குப் பிறந்தவள் என்ற குறிப்பு. அதற்கும் கீழே ஆண்டு வாரியாக அவள் ஈன்ற குட்டிகள், ஒவ்வொன்றின் நிறம், ஆணா பெண்ணா, தகப்பன் யார். சினை பிடிக்காத ஆண்டும் காலியாக விடப்படுவதில்லை, பிடிக்கவில்லை என்றே எழுதப்படுகிறது. ஆண்களின் புகழ் விளம்பரத்தில் இருந்தது, ஏடோ தாய்மார்களின் ஏடாக இருந்தது. ஃபிளையிங் சில்டர்ஸுக்கு உடன்பிறந்தவன் ஒருவன் உண்டு, பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ். மூக்கில் இரத்தம் வடியும் கோளாறால் பந்தயத்தில் ஓடவே இல்லை. படைக் கணக்கில் இவனுக்கு மதிப்புச் சுழியம். ஆனால் பெட்டி லீட்ஸ் பெற்ற பிள்ளை என்பதால் இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள். 1764இல் பிறந்து, ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் வென்ற எக்லிப்ஸ் இவனுடைய கொள்ளுப்பேரன். இன்று உலகில் ஓடும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி எக்லிப்ஸிடமே போய்ச் சேருகிறது. ஓடாத ஒரு குதிரையை அதன் தாய்க்காக மதித்ததன் பலன் அது.

இதை அறிவியலும் பிற்பாடு உறுதி செய்தது. 2001இல் வெளியான அயர்லாந்து ஆய்வாளர்களின் கணக்கு, இன்றைய பந்தயக் குதிரைகளின் தந்தைவழியில் 95 சதவீதம் டார்லி அரேபியன் ஒன்றனிடமே போவதையும், தாய்வழியில் 72 சதவீதம் பத்தே பத்துப் பெட்டைகளிடம் போவதையும் காட்டியது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்ட பின்னைய ஆய்வுகள், அந்த ஆதித் தாய்களில் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வந்தவை அல்ல, பிரிட்டிஷ், ஐரிஷ் உள்ளூர்க் குதிரைகளுக்கு நெருக்கமானவை என்று கண்டன. குறுகிய தூர வேகத்துக்குக் காரணமான மரபணு மாற்றமும் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் ஓர் உள்ளூர்ப் பெட்டை மூலமே இந்த இனத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2012இல் எழுதினார்கள். டார்லி அரேபியனை விடக் குறைந்த குதிரைகளையா நம் அரசர்கள் 220 தினார் கொடுத்து வாங்கினார்கள்? இருக்க முடியாது. ஆயிரக்கணக்கில் வந்தவற்றில் அதற்கு நிகரானவை எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுக்கு இணையாக வைத்துக் காக்கப்பட்ட, பெயர் எழுதப்பட்ட பெட்டைகள்தாம் இங்கே இல்லை.

தாயைப் பதிந்துவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பெட்டைக் குதிரையின் வாழ்க்கையையே முழுதாகப் பார்க்கலாம். 1901இல் அயர்லாந்தில் மேஜர் யூஸ்டஸ் லோடரின் ஐர்ஃபீல்டு லாட்ஜ் பண்ணையில் பிறந்தவள் பிரிட்டி பாலி. தாய் அட்மிரேஷன் பந்தயத்தில் பெரிதாக எதுவும் சாதிக்காதவள், லோடர் 510 கினிக்கு வாங்கியவள். 1903இல் இரண்டு வயதில் ஒன்பது முறை ஓடினாள் பாலி, ஒன்பதிலும் வென்றாள். மறு ஆண்டு பெட்டைகளுக்கான மூன்று பெரும் பந்தயங்களான ஆயிரம் கினி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் மூன்றும் அவளுக்கே. செயின்ட் லெஜர் ஆண்களும் ஓடும் பந்தயம். அதை வென்ற இரண்டே நாளில் இன்னொரு பந்தயத்திலும் ஓடி வென்றாள். பதினைந்து தொடர் வெற்றிக்குப் பிறகு 1904 அக்டோபரில் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். கடலையும் ரயிலையும் தாண்டி, ஈரமான தரையில் ஓடி, முதல் தோல்வி. ஊர் திரும்பியதும் மறுபடி வெற்றி. 1905இல் ஓடிய நான்கிலும் வெற்றி. 1906இல் அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டரை மைல் தூரத்தில் பேச்சலர்ஸ் பட்டனிடம் தோற்றதோடு ஓட்டம் முடிந்தது. மொத்தம் 24 ஓட்டம், 22 வெற்றி. செஞ்சிப் பாட்டு போன்ற ஒன்று அவளைப் பற்றி இருந்தால் இந்த இடத்தில் முடிந்திருக்கும். ஸ்டட் புக்கில் அவள் பக்கம் இங்கேதான் தொடங்குகிறது. ஆரம்ப ஆண்டுகள் ஏமாற்றமாகவே போயின. கரு தங்கவில்லை, தங்கியபோதும் பிழைப்பு எளிதாயில்லை. மகன்கள் பெயர் சொல்லவில்லை. ஆனால் மாலி டெஸ்மண்ட், டச் மேரி, பாலி ஃபிளிண்டர்ஸ், பேபி பாலி என்று நான்கு மகள்கள். அந்த நால்வர் வழியாக ஒரு பெருங்குலமே கிளைத்தது. சில பத்தாண்டுகள் கழித்து, ஜான் ஹிஸ்லாப் என்ற பத்திரிகையாளர் பிரிட்டி பாலியின் தாய்வழியில் வந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக எளிய பெட்டை ஒன்றை வாங்கிவைத்தார். அந்த வழியில் 1968இல் பிறந்த பிரிகேடியர் ஜெரார்டு 18 பந்தயங்களில் 17ஐ வென்றது. ஏடு இல்லையென்றால் ஹிஸ்லாப் எதைப் பார்த்து வாங்கியிருப்பார்?

பெட்டைகள் ஆண்களுக்கு ஈடாக ஓட முடியாது, எடையில் சலுகை கொடுத்துத்தானே ஓடவிடுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். கென்டக்கி டெர்பியில் ஆண் குட்டிக்கு 126 பவுண்டு, பெட்டைக்கு 121. அந்தப் பந்தயத்தை இதுவரை வென்ற பெட்டைகள் 1915இல் ரெக்ரெட், 1980இல் ஜெனுயின் ரிஸ்க், 1988இல் வின்னிங் கலர்ஸ் ஆகிய மூன்றே. ஆனால் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை 2008 முதல் 2018 வரையிலான பதினொரு ஆண்டுகளில் எட்டு முறை பெட்டைகளே வென்றிருக்கின்றன. ஹங்கேரியின் கின்செம் 54 ஓட்டத்தில் 54 வெற்றி. ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் 25க்கு 25. விங்ஸ் என்ற பெட்டை தொடர்ச்சியாக 33 வெற்றி. ஐந்து பவுண்டு சலுகையால் மட்டும் இவை நடந்துவிடாது. நம் நாட்டிலும், பம்பாய் மகாலட்சுமியில் 1943இல் நடந்த முதல் இந்தியன் டெர்பியை வென்றது பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டைதான்.

இதைவிட வலுவான மறுப்பு தட்பவெப்பம் பற்றியது. தமிழகக் கரையில் குதிரை பெருகாது, இது இயற்கையின் தீர்ப்பு, மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பார்கள். மார்க்கோ போலோவே, உயர்ந்த ஆணையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே பிறப்பது கால் கோணிய குட்டிதான் என்று சாட்சி சொல்கிறார். இதில் உண்மை இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் குதிரைக்கு ஆகாது, கோடையில் சென்னைக் குதிரைகளை ஊட்டிக்கு ஏற்றிப் பந்தயம் நடத்தியதும் அதனால்தான். ஆனால் போலோ கூடவே சொல்வது தீனியைப் பற்றி. சோறும் வெந்த இறைச்சியும் போட்டு வளர்த்த நாட்டில் குட்டி கோணிப் பிறந்தால் பழி வெயில் மேல் மட்டும் விழாது. மேலும், தமிழ் நாடு என்பது கடற்கரை மட்டுமல்ல. 1824இல் படைக்குக் குதிரை வளர்க்க ஆங்கிலேயர் ஓசூரில் 1,600 ஏக்கருக்கு மேல் எடுத்துப் பண்ணை அமைத்தார்கள். அதற்கு முன்பே ஹைதர் அலி, திப்பு காலத்துக் குதிரைப் பண்ணையாகக் குணிகல் இருந்தது, இன்றும் அங்கே பந்தயக் குதிரைகள் பிறக்கின்றன. இரண்டும் செஞ்சியிலிருந்து சில நாள் குதிரைப் பயணத் தொலைவே. பீமா ஆற்றங்கரையில் மராட்டியர் தங்கள் சிறிய, உறுதியான பீம்தடிக் குதிரைகளை வளர்த்தே முகலாயரை அலைக்கழித்தார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடிக்க வந்தபோது கோட்டைக்குள் நுழைந்தவற்றில் அவையும் இருந்திருக்க வேண்டும். செஞ்சியின் எஜமானர்களுக்கு வழி தெரியாமல் போகவில்லை.

கால்நடையை வம்சம் பார்த்து வளர்க்கும் பொறுமை தமிழருக்கு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காங்கேயம் மாடு அதற்குப் பதில். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையில் தாய்ப்பசுவைத் தேர்ந்து, கொரங்காட்டு மேய்ச்சலில் தலைமுறை தலைமுறையாக இனத்தைக் காத்ததை 20ஆம் நூற்றாண்டின் கால்நடை அதிகாரிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஏர் உழவும் வண்டி இழுக்கவும் மாடு நாளைக்கும் வேண்டும், அடுத்த ஆண்டும் வேண்டும். அதனால் தாயைக் காத்தார்கள். குதிரை அரசனுடையது, போர் வந்தால் போகக்கூடியது, போனால் இன்னொரு கப்பல் வரும். உழவன் கையில் இருந்த விலங்குக்கு வம்சம் கிடைத்தது, அரண்மனை விலங்குக்குக் கிடைக்கவில்லை. வேண்டியது திறமை அல்ல, திரும்பத் திரும்பத் தேவைப்படும் என்ற எண்ணம்.

இங்கேதான் பந்தயத்தின் உண்மையான பயன் தெரிகிறது. எந்தக் குதிரை நல்லது என்று அறியப் போர்க்களமும் ஒரு சோதனைதான். ஆனால் அதில் தேறிய குதிரை பெரும்பாலும் உயிரோடு திரும்புவதில்லை. தேசிங்கின் குதிரை தன் திறமையை நிரூபித்த அன்றே அதன் விதையும் அழிந்தது. பந்தயத் திடல் அதே சோதனையை நடத்திவிட்டு, வென்றதையும் தோற்றதையும் லாயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. யார் வென்றார் என்று எழுதிவைக்கவும் முடிகிறது. எட்டாண்டு முற்றுகையில் கிடந்த ஊரில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பது நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் உள்நாட்டுப் போர் நடந்தது, அரசரின் குதிரைப் பண்ணைகள் கலைந்தன. போர் ஓய்ந்ததும் இரண்டாம் சார்லஸ் நியூமார்க்கெட்டில் பந்தயத்தை மீட்டார். செஞ்சியில் நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராகப் பூட்டைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த அளவுக்கு இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அமைதியாக இருந்த நீண்ட காலங்களிலும், பாண்டியரும் விஜயநகரமும் செல்வத்தில் திளைத்தபோதும், வாலுக்கு விலை கொடுத்தார்களே தவிரப் பெட்டைக்கு ஏடு வைக்கவில்லை.

பந்தயத்தை இப்படிப் பேசும்போது அதன் கறைகளை ஒதுக்கிவிடக் கூடாது. 1975 ஜூலை 6ஆம் தேதி நியூயார்க் பெல்மான்ட் பார்க்கில், அதுவரை தோல்வியே அறியாத ரஃபியன் என்ற மூன்று வயதுப் பெட்டை, ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆணோடு தனிப்போட்டியில் ஓடி முன்னங்கால் நொறுங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் காக்க முடியாமல் போனது. வேகத்துக்காக மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் எலும்பு தாங்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. நெருங்கிய உறவில் சேர்ப்பது தலைமுறைக்குத் தலைமுறை கூடிவருவதும் கவலைக்குரியது. சூதாட்டமோ தமிழகத்தில் குடும்பங்களைக் கெடுத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்துச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தியது. 2024 செப்டம்பரில் வாடகைப் பாக்கித் தகராறில் கிண்டி மைதானத்துக்கே அரசு பூட்டுப் போட்டது. அந்த நிலம் மக்களுக்குப் பூங்காவாவதை எதிர்க்க இக்கட்டுரைக்கு எந்தக் காரணமும் இல்லை. பந்தயக் களம் மூடலாம், ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையில் ஓடிய குதிரைகளின் பதிவுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சூதாட்டத்தோடு சேர்த்து அவற்றையும் குப்பையில் போட்டால் பழைய தவறையே மீண்டும் செய்தவர்களாவோம்.

வம்சாவளி பார்ப்பது சாதி பார்ப்பதற்குச் சமமல்லவா என்ற எதிர்ப்பும் தமிழகத்தில் எழாமல் இருக்காது, எழவும் வேண்டும். பிறப்பால் மேன்மை என்ற பேச்சு நம் மண்ணில் செய்த கொடுமை சிறிதல்ல. ஆனால் ஸ்டட் புக்கின் சாரம் தூய்மை அல்ல. அதன் ஆதித் தாய்கள் உள்ளூர்க் கலப்புப் பெட்டைகள் என்று மரபணுவே சொல்லிவிட்டது. அட்மிரேஷன் போன்ற சாதாரணத் தாயின் வயிற்றில் பிரிட்டி பாலி வந்ததையும், பாலியின் மகன்கள் சோடை போனதையும் அந்த ஏடு ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. பிறப்பு எதையும் உறுதி செய்யாது என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது. மனிதருக்கு அந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம், விலங்கினத்தைக் காப்பவருக்கு அது வேண்டும்.

கடைசியாக, கதைப்பாடலின் பக்கம் நின்று ஒரு வாதம் வைக்கலாம். இங்கிலாந்தின் ஏட்டில் ஆயிரம் குதிரைகளின் பெயர் இருந்தாலும் ஒரு குதிரைக்காக ஊரே அழுததுண்டா, நீலாம்பூண்டியில் குதிரைக்கும் தோழனுக்கும் சமாதி என்று காட்டி மரியாதை செய்கிறார்களே, அதைவிடப் பெரிய பதிவு எது? இந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்துவும் முஸ்லிமும் இரண்டு குதிரைகளும் ஒரே நாளில் மாண்டதை ஒரே பாட்டில் வைத்துக் காத்தது சாதாரணச் சாதனை அல்ல. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் வரை அந்த அன்பு குறையவில்லை. ஆனால் பாடல் காப்பது ஒரு நாளை. அடுத்த குதிரை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. தேசிங்குக்குப் பிறகு செஞ்சியின் பெயர் சொல்ல இன்னொரு குதிரை வரவேயில்லை என்பதை இந்தப் பாட்டின் அழகில் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

இனி செய்யக்கூடியவை இரண்டு உண்டு. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபிறகு அங்கே அகழ்வுக்கும் ஆய்வுக்கும் கவனம் கூடியிருக்கிறது. லாயம் என்று காட்டப்படும் பகுதியிலோ, முற்றுகைக் காலப் பாசறை மேடுகளிலோ குதிரைப் பல் ஒன்று கிடைத்தால் அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியா மரபணு அந்தக் குதிரையின் தாய்வழி அரேபியாவா, துருக்கிய மண்ணா, தக்காணத்து நாட்டுக் குதிரையா என்று சொல்லும். நம் வெப்பமும் ஈரமும் மரபணுவைச் சிதைக்கும் என்றாலும் பல்லும் காதெலும்பும் ஓரளவு தாங்குபவை. மக்கள் வணங்கும் சமாதிகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, ஐதராபாத்தில் தெலங்கானா அரசு ஆவணக் காப்பகத்தில் ஒளரங்கசீப் காலத் தக்காணப் படையின் பாரசீக ஆவணங்கள் பெருந்தொகையாக இருக்கின்றன. குதிரையின் நிறமும் சூட்டுக்குறியும் எழுதிய அடையாளச் சீட்டுகள் அவற்றில் உண்டு. செஞ்சி முற்றுகைக்கு வந்த படைப்பிரிவுகளின் சீட்டுகளைப் பிரித்தெடுத்து, எந்தத் தரத்துக் குதிரைகள் எத்தனை, நாட்டுக் குதிரைகளின் பங்கு என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாரசீகம் படித்த ஒரு தமிழ் ஆய்வு மாணவர் சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய வேலை இது. நம் பல்கலைக்கழகங்கள் அந்த மாணவருக்கு ஓர் உதவித்தொகை ஒதுக்கட்டும்.